ஒப்புதல் வாக்குமூலமும் சென்னை மாகாணமும்

காவல் நிலையத்தில் ஒருவர் தம் குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டாலும், காவல் அதிகாரியிடம் சொன்ன அந்தச் சொல்லை அவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்து, 2024 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாகத் தொடரும் இவ்விதியின் வேர்களில் முக்கியமான ஒன்று, சென்னை மாகாணக் குடியானவர்கள் பட்ட துன்பத்தில் இருக்கிறது.

1854இல் இம்மாகாணம் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தை அடுத்து நியமிக்கப்பட்ட சித்திரவதை விசாரணை ஆணையத்தின் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரும் மறு ஆண்டே அறிக்கை அளித்தனர். வரி வசூலும் காவல் பணியும் தாசில்தாரிடமும் அவர்கீழ்ச் சேவகர்களிடமும் ஒருசேர இருந்ததால், விரல்களை நசுக்கும் மரக்கருவியான கிட்டியும், கழுத்தைக் காலோடு பிணைத்துக் குனியவைக்கும் அண்ணாந்தாளும், களவை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கு மட்டுமன்றி நிலவரி பெறுவதற்கும் பயன்பட்டன என்பது அதில் வெளிப்பட்டது.

இங்கேதான் உளவியல் நோக்கில் மிகக் கொடிய பிழை நிகழ்ந்தது. குடியானவர் ‘இல்லை’ என்றால் அதைப் பொய்யென்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டவருக்கு, பணத்தை ஒளித்தவரும் உண்மையிலேயே ஏதுமற்றவரும் ஒன்றாகவே தெரிந்தனர். ஒளித்தவர் கொடுத்துத் தப்பலாம், இல்லாதவருக்கோ தப்ப வழியே இல்லை. நடுக்கம், நாவறட்சி, தடுமாற்றம் ஆகியவை அச்சத்தின் அடையாளங்களே தவிரப் பொய்க்கு மட்டும் உரியவை அல்ல. உண்மை பேசுபவர் தம்மை நம்பமாட்டார்களோ என்று அஞ்சி நடுங்குவதைக் குற்றத்தின் அறிகுறியாகக் கொள்ளும் தவற்றை, பால் எக்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் ‘ஒத்தெல்லோ பிழை’ என்று பெயரிட்டு விளக்கினார். சிறப்புக் கருவி ஏதுமின்றிப் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிய முயல்வோர் சராசரியாக நூற்றுக்கு 54 முறையே சரியாகக் கணிக்கின்றனர் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து பாண்ட், டிபாலோ ஆகிய இருவரும் 2006இல் காட்டினர்.

ஆணையத்தின் அறிக்கைக்குப்பின் 1859இல் சென்னைக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. போலீசாரிடம் தரப்பட்ட ஒப்புதலை விலக்கும் விதி 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது.

இரத்த அழுத்தம், மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றைப் பதிந்து பொய்யறியப் பயன்படுத்தப்படும் பாலிகிராப் கருவியும் அளப்பது உடலின் கிளர்ச்சியையேயன்றிப் பொய்யை அன்று; ஆகவே கிட்டியின் வன்முறை அதில் இல்லையெனினும், அச்சத்தையும் பொய்யையும் குழப்பும் பழைய இடர் அதிலும் நீங்கவில்லை. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரின் இசைவின்றி இச்சோதனையையோ, மருந்து செலுத்தி விசாரிக்கும் நார்கோ சோதனையையோ நடத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. இசைந்து செய்துகொண்டாலும் சோதனை முடிவு தன்னளவில் சான்றாகாது, அதன்வழிப் பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ மட்டும் அப்போது நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவுக்கு உட்பட்டு ஏற்கப்படலாம் என்றும் அது வரையறுத்தது.