மிளகும் மிளகாயும்

'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்பது பழமொழி. ஊர் விட்டு ஊர் வந்து தலைமுறைகள் சில கடந்தாலும், தமிழர் நாவின் காரம் குறையாது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. அப்பெருமைக்கு அண்மையில் ஒரு சோதனை நேர்ந்தது.

நம் குடியிருப்பில் மாலை வேளைகளில் பெரியோர் கூடிப் பேசும்பொழுது அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. "பிள்ளைகள் வீட்டுக் காரக்குழம்பைத் தொடுவதில்லை. ஆனால் உணவு விடுதிக்குப் போய், தாய்லாந்துச் சமையல் என்று கண்ணில் நீர் வடிய வடிய உண்டுவிட்டு வருகிறார்கள்" என்பதே அக்குறை. நம் இல்லமும் இதற்கு விலக்கன்று. நம் தாயார் இராமநாதபுரம் சீமையில் பிறந்தவர். ஆண்டுதோறும் ஊரிலிருந்து குண்டு மிளகாய் வரவழைத்து, மொட்டை மாடியில் உலர்த்தி, மல்லியும் மிளகும் சீரகமும் சேர்த்துக் குழம்புப் பொடி திரிப்பது அவர் வழக்கம். கல்லூரியில் பயிலும் நம் மகள் அப்பொடி இட்ட குழம்பைக் காரம் என்று ஒதுக்கினாள். அதே வாரத்தில் தோழியருடன் சென்று தாய்லாந்து உணவு உண்டு வந்து அதன் காரத்தை வியந்து பேசினாள். "நம்ம ருசி இந்தத் தலைமுறையோட போயிரும் போலிருக்கேப்பா" என்று தாயார் நம்மிடம் வருந்தினார்.

அவ்வருத்தம் நம்மையும் பற்றிக்கொண்டது. 'நம் ருசி' என்பது யாது? அஃது எங்கிருந்து வந்தது? இருப்புப்பாதைச் சரக்குச் சீட்டில் புறப்பட்ட இடம், சேரும் இடம் என இரண்டு கட்டங்கள் உண்டு. அவற்றை நிரப்பியே பழகிய நாம், காரத்திற்கும் அவ்விரண்டையும் நிரப்பிப் பார்க்க விரும்பினோம். நூல்களில் தேடிக் கண்டவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

மிளகின் காலம்

சங்க காலத் தமிழர் அறிந்த காரம் மிளகின் காரமே. அக்காலத்தில் மிளகிற்குக் 'கறி' என்பது பெயர். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்த பொருள்களுள் மிளகு மூட்டைகளும் இருந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சேர நாட்டு முசிறித் துறைக்கு யவனரின் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடலில் காணலாம். எகிப்து நாட்டில் செங்கடற் கரையிலுள்ள பெரனிகே என்னும் பழந்துறைமுகத்தை அகழ்ந்தபொழுது, அங்கிருந்த கோயிலில் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. உரோமாபுரியின் பொன் இந்தியாவிற்குப் போய்விடுகிறதே என்று பிளினி என்னும் அறிஞர் அதே நூற்றாண்டில் மனம் நொந்து எழுதினார். 408ஆம் ஆண்டு உரோமை முற்றுகையிட்ட அலாரிக் என்னும் கோத்தியத் தலைவன் கேட்ட திறைப்பொருள்களுள் மூவாயிரம் பவுண்டு மிளகும் ஒன்று.

இவ்வளவு பெருமை வாய்ந்த மிளகு மேற்கு மலைத்தொடரின் மழைக்காடுகளுக்கு உரியது. இன்று நாம் வாழும் கருநாடகத்திலும் குடகு, சிக்கமகளூரு, ஹாசன் பகுதிகளில் காப்பித் தோட்டத்து மரங்களின்மேல் மிளகுக்கொடி படர்ந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேருசொப்பையை ஆண்ட சென்னபைராதேவி என்னும் அரசியைப் போர்த்துக்கீசியர் 'மிளகு அரசி' என்றே அழைத்தனர்.

மிளகின் பழைய ஆட்சி நம் அடுக்களையில் இன்றும் முற்றிலும் மறையவில்லை. வெண்பொங்கலில் மிளகுதான் இடுகிறோம். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியில் மிளகும் சுக்கும் சீரகமும் சேர்கின்றன. திதிச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகையே ஆளும் குடும்பங்கள் பல. முன்னோர்க்குப் படைக்கும் உணவில் முன்னோர் அறியாத பொருளைச் சேர்ப்பது எங்ஙனம் என்பது போலும்!

விருந்தாளியின் வருகை

ஆம், மிளகாயை நம் முன்னோர் அறியார். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்கு ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் அதனைச் சமைத்து உண்டமைக்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. 1492ஆம் ஆண்டு கொலம்பசு கடலில் இறங்கியது இந்தியாவின் செல்வத்தையும் நறுஞ்சரக்குகளையும் நாடியே. மிளகைத் தேடிப் போனவர் கண்டது மிளகாயை! காரத்தால் ஒத்திருந்தமையின், மிளகைக் குறிக்கும் 'பிமியெந்தா' என்னும் சொல்லைச் சற்றே திரித்து அதற்குப் 'பிமியெந்தோ' என்று இசுபானியர் பெயரிட்டனர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1510இல் கோவா போர்த்துக்கீசியர் வசமாயிற்று. அவர்களுடைய கப்பல்கள் வழியாகவே மிளகாய் நம் நாட்டில் கால் வைத்தது.

வந்தவுடன் அஃது எங்கும் பரவிவிடவில்லை. அக்பர் காலத்து அயினி அக்பரி என்னும் நூல் அரண்மனைச் சமையலுக்கு வேண்டிய பொருள்களை அளவோடு குறித்துள்ளது. அக்குறிப்புகளில் மிளகும் இஞ்சியும் உண்டு, மிளகாய் இல்லை. பின்னர் எவ்வாறு நாடெங்கும் பரவிற்று? மிளகுக்கொடிக்கு மழையும் நிழலும் பற்றிப் படர மரமும் வேண்டும். காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மிளகாய்ச் செடியோ வானம் பார்த்த பூமியிலும், ஏழையின் கொல்லைப்புறத்திலும் வளர்ந்து, நட்ட மூன்று திங்களில் பலன் தரும். உலர்த்தினால் ஆண்டு முழுதும் கெடாது. மிளகைக் காசு கொடுத்து வாங்க இயலாத எளியவனுடைய கஞ்சிக்கும் கூழுக்கும் சுவை கூட்டியது மிளகாயே. மிளகு விளையாத இராமநாதபுரத்துக் கரிசல் மண் மிளகாய்க்குப் பேர்போனதாயிற்று. அவ்வூர்க் குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

புதிதாக வந்த காய்க்கு நம் மக்கள் இட்ட பெயரைக் கவனிக்க வேண்டும். மிளகைப் போல் காரமுள்ள காய் ஆதலின் அதனை 'மிளகாய்' என்றனர். கன்னடத்தில் மிளகு 'மெணசு', மிளகாய் 'மெணசினகாயி'. ஒருவரை ஒருவர் கேட்டுச் சொன்னாற்போல் இரு மொழியாரும் ஒரே முறையில் பெயர் வைத்துள்ளனர். மலையாளத்திலோ 'முளகு' என்னும் பெயரை விருந்தாளியே எடுத்துக்கொண்டது. பழைய மிளகு 'குருமுளகு' ஆயிற்று. குமரி மாவட்டத்தார் மிளகை 'நல்லமிளகு' என்று இன்றும் வழங்குவர்.

சயாமிலும் அதே கதை

இனி, நம் பிள்ளைகள் விரும்பும் தாய்லாந்திற்கு வருவோம். 1939 வரை சயாம் என்று வழங்கிய அந்நாடு நமக்குப் புதிதன்று. அந்நாட்டின் தென்பகுதியில் கிராபி மாகாணத்தில் கிடைத்த சிறு உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது 3 அல்லது 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவருடைய கல் என்பர் ஆராய்ச்சியாளர். தகுவாபா என்னும் இடத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காப்பில் விடப்பட்டதைக் கூறுகின்றது. அக்குளத்து நீரில் சமைத்த தமிழ் வணிகரும், அருகில் வாழ்ந்த மக்களும் மிளகாயைக் கண்டிரார். இரு சாராரும் ஒரு மிளகையே அறிவர்.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், அதே ஆண்டில் துவார்த்தே பெர்னாண்டஸ் என்பவரைச் சயாமின் தலைநகரான அயுத்தயாவிற்குத் தூது அனுப்பினர். அவ்வுறவின் வழியே மிளகாய் அங்கும் சென்றது என்பது பெரும்பாலோர் கொள்கை. தாய் மொழியில் 'பிரிக்' என்பது முதலில் மிளகின் பெயர். மலையாளத்தில் நேர்ந்தவாறே அங்கும் அப்பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டது. பழைய மிளகை வேறு பிரித்துக் காட்ட வேண்டி, அதற்குப் 'பிரிக் தாய்', அதாவது தாய் நாட்டு மிளகு என்று அடைமொழி கொடுத்தனர். கடல் கடந்த அந்நாட்டின் 'பிரிக் தாய்' என்னும் பெயரிலும், குமரி மாவட்டத்து 'நல்லமிளகு' என்னும் பெயரிலும் ஒரே நினைவு ஒளிந்துள்ளது. 'எங்களுடையது எது என்பதை நாங்கள் மறக்கவில்லை' என்பதே அந்நினைவு.

'சோம் தம்' என்னும் உணவு இன்று அந்நாட்டின் அடையாளம். பப்பாளிக்காய், மிளகாய், தக்காளி, நிலக்கடலை ஆகியவற்றை உரலில் இடித்துச் செய்வது அது. அந்நான்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அதனால் அவ்வுணவு தாய் உணவு அன்று என்று எவரேனும் சொல்வரோ? தக்காளியும் மிளகாயும் இட்ட நம் சாம்பாரைத் தமிழர் உணவு அன்று என்று சொல்லலாகுமோ? இடித்த கையும் கூட்டிய அளவுமே ஓர் உணவிற்கு ஊரைத் தருகின்றன.

ஞாயிற்றுக்கிழமை ரசம்

இவற்றையெல்லாம் ஓர் இரவு இல்லத்தில் எடுத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த மகள், அடுத்த ஞாயிறன்று தானே 'தோம் யம்' என்னும் தாய் நாட்டுச் சாற்றைச் சமைப்பதாகக் கூறினாள். எலுமிச்சைப்புல், எலுமிச்சம்பழம், காளான், ஊசி மிளகாய் ஆகியவை கடையில் கிடைத்தன. அரத்தை மட்டும் அகப்படவில்லை. தாயார் தம் மருந்துப் பெட்டியைத் திறந்து, சளிக்கென்று வைத்திருந்த உலர்ந்த பேரரத்தைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அந்நாட்டார் சாற்றில் இடும் கிழங்கும் அதுவே! சமைத்து முடிந்ததும் ஒரு கரண்டி வாங்கிச் சுவைத்த தாயார், "இது நம்ம ரசந்தாண்டி, கண்ணு. புளிக்குப் பதிலா எலுமிச்சம்பழம் போட்டிருக்கே, அவ்வளவுதான்" என்றார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை மகள் கைக்குறிப்பேட்டுடன் பாட்டியின் அருகில் அமர்ந்து, "குழம்புப் பொடிக்கு மிளகாய் எத்தனை, மல்லி எவ்வளவு, பாட்டி?" என்று கேட்டாள். "கை அளவுதான்" என்றார் தாயார். அக்கை அளவைத் தட்டில் போடச் சொல்லி, சிறு தராசில் நிறுத்து எழுதிக்கொண்டாள் அவள். பொடியில் மிளகாய்க்கு நிகராக மிளகும் சேர்வதை அன்றுதான் நாம் அறிந்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அக்குழம்பை உண்டும், ஒருநாளேனும் அதன் அளவைக் கேட்டோமில்லை. பிள்ளைகள் மறந்துவிட்டனர் என்று குறை கூறிய நாமே கேட்டறியாதவர்களாக இருந்தோம்! தாயாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. சென்ற ஆண்டிலிருந்து காரத்தைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்று அவள் கேட்டிராவிட்டால், நானூறு ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு குடியில் கைம்மாறி வந்த ஒன்று நம் கண்ணெதிரே நின்றுபோயிருக்கும்.

காரம் பிறப்பால் வருவதன்று. மிளகாயின் எரிச்சலை நாவிலுள்ள வெப்பத்தை உணரும் நரம்புகளே உணர்கின்றன என்று 1997இல் கண்டறிந்து விளக்கிய டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞர், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஆதலின் காரம் என்பது உண்மையில் ஒருவகைச் சூடும் வலியும் ஆகும். எந்தக் குழந்தையும் அதை விரும்பிப் பிறப்பதில்லை. தாயின் மடியில் அமர்ந்து, தயிர் கலந்த சோற்றோடு சிறிது சிறிதாகப் பழகியே அதனை நேசிக்கக் கற்கின்றது. கற்றுத் தருவார் இல்லையெனில், தமிழர் குடியிலும் அச்சுவை நில்லாது. கற்றுத் தருவார் உண்டெனில், பெங்களூரிலும் நிற்கும்.

அன்பர்களே! 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து இந்நகருக்கு இருப்புப்பாதை வந்த நாள் முதல், ஊரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு தத்தம் சுவைகளையும் கொண்டுவந்தன. அண்டை வீட்டார் சாற்றில் இடும் வெல்லத்தையும், செந்நிறம் மிக்குக் காரம் குறைந்த பியாடகி மிளகாயையும் நாம் ஏற்றுக்கொண்டோம். தாய்லாந்துச் சாற்றையும் ஏற்பதில் இழிவு இல்லை. இழப்பு வருவது வேறு வழியில். ஒவ்வோர் இல்லத்திலும் பாட்டியின் கை அளவை நிறுத்து எழுதி வைக்கவேண்டும். அடுத்த ஆண்டு விழாவிற்குள் அவற்றைத் திரட்டி ஒரு சிறு நூலாக்க நம் சங்கத்து மகளிர் முன்வருவாராயின், நம் இல்லத்துக் குறிப்பை முதலாவதாகக் கொடுக்கச் சித்தமாயுள்ளோம். எழுதியவள் நம் மகள். எழுத்துப் பிழை பார்த்துத் தருவது மட்டுமே நம் பங்கு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!