விதி தெரிந்த ஒருவர் போதும்



அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொட்டால் 'டச்டவுன்', 6 புள்ளி.

நடுவர்களின் தவறு இரண்டு வகை. கண் பிசகுவது ஒன்று. நடந்ததைச் சரியாகப் பார்த்துவிட்டு, விதி தெரியாமல் தண்டனையைத் தவறாகக் கொடுப்பது மற்றொன்று. விடைத்தாளில் சொன்னால், முதலாவது மறுமதிப்பீடு; அதில் வாதத்துக்கு இடமுண்டு. இரண்டாவது மறுகூட்டல். அதில் வாதமே கிடையாது.

2014 நவம்பரில் ஓக்லஹோமா மாநிலத்தில் பள்ளி அணிகளின் காலிறுதி ஆட்டம். லோகஸ்ட் குரோவ் 20, டக்ளஸ் 19. 64 விநாடிகள் பாக்கி. டக்ளஸ் மாணவன் ஒருவன் டச்டவுன் போட்டான். அப்போது எல்லையோரம் கூடவே ஓடிய டக்ளஸ் பயிற்சியாளர் ஒருவர் நடுவர்மீது இடித்துவிட்டார். குற்றம்தான். ஆனால் விதிப்படி டச்டவுன் செல்லும். தண்டனை அதற்கு அடுத்த ஆட்டத்தில்தான். நடுவர்களோ டச்டவுனையே ரத்து செய்தார்கள். டக்ளஸ் தோற்றது.

மாநிலச் சங்கம் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. மறு ஆட்டம் மட்டும் இல்லை என்றது. வழக்குப் போட்டார்கள். விளையாட்டின் முடிவை நீதிமன்றம் தீர்மானிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது என்று நீதிபதி பெர்னார்ட் ஜோன்ஸ் மறுத்துவிட்டார்.

இதற்கு நேர்மாறாக, 1940 நவம்பர் 16 அன்று கல்லூரி ஆட்டம் ஒன்றில் நடந்தது. கடைசி நொடிகளில் நடுவர் ரெட் ஃபிரீசெல் கணக்குத் தப்பி, கார்னெல் அணிக்கு 5ஆவது வாய்ப்புக் கொடுத்தார். அதில் டச்டவுன் போட்டு டார்ட்மத்தை 7-3 என வென்றது கார்னெல். படச்சுருளைப் பார்த்தபின் நடுவர் தவறை ஒப்புக்கொண்டார். யாரும் கட்டாயப்படுத்தாமலே கார்னெல் வெற்றியை விட்டுக்கொடுத்தது. இன்றும் பதிவேட்டில் டார்ட்மத் 3, கார்னெல் 0.

அந்தப் பெருந்தன்மையை எல்லா ஆட்டத்திலும் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் பள்ளி ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விதி தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகத் தோன்றினால், பயிற்சியாளர் 'டைம் அவுட்' கேட்டு நடுவரிடம் பேசலாம். தவறு உறுதியானால் அங்கேயே திருத்திவிடலாம். ஆனால் அடுத்த ஆட்டம் தொடங்குமுன் கேட்டாக வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் மைதானத்தில் விதியைச் சரியாகப் படித்தவர் ஒருவர் இருந்தால் போதும். இல்லாவிட்டால், பிறகு வரும் மன்னிப்புக் கடிதத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது.