கொங்கு நாட்டுக் கிறித்தவத் தொடக்கப் பள்ளிகளும் நம் மக்களின் கல்வியும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசாண்டவர்களின் பெயர்களைக் கொண்டு மட்டும் எழுதிவிட இயலாது. அச்சமுதாயத்தின் பிள்ளைகள் முதன்முதலில் எங்கே எழுத்தறிந்தனர், யார் அவர்களுக்குக் கற்பித்தனர், அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்பனவும் வரலாறே. கொங்கு நாட்டில் வாழும் அருந்ததியர், பறையர், தேவேந்திரர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி வரலாற்றைத் தேடிச் செல்வோர், ஊர்ப்புறத்து வளவுகளில் இருந்த சிறிய கிறித்தவத் தொடக்கப் பள்ளிகளைத் தாண்டிச் செல்ல முடியாது. அப்பள்ளிகள் செய்த நன்மையை மறைப்பதும் அவற்றின் குறைகளை மறைப்பதும் வரலாறு ஆகா. இரண்டையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது மதத்தைப் பற்றிய கட்டுரையன்று, பள்ளிக்கூடத்தைப் பற்றியது.

கதவடைத்த காலம்

கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் நம் முன்னோர் வாழ்ந்த நிலையை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். பண்ணயத்து ஆளாக இருந்தோர் கிணற்றில் கவலை ஓட்டினர். நீர் இறைக்கும் தோற்பறியைத் தைத்துக் கொடுத்தவரும் நம்மவரே. பெற்றோர் வாங்கிய சிறு கடனுக்காகப் பிள்ளைகள் பண்ணயத்தில் ஆடு மேய்க்க விடப்பட்டனர். பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கூளமாதாரி' என்னும் புதினம் இத்தகைய பிள்ளைகளின் வாழ்வையே பொருளாகக் கொண்டது. ஊர்த் திண்ணைப் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. எழுத்தறிவு இன்மையால் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்தனர். அக்கைநாட்டு அடுத்த தலைமுறையையும் கட்டியது.

நகரத்துக் கல்விக்கூடங்களை எட்டியவர் நிலையும் இனிமையாக இருக்கவில்லை. இதற்கு நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களே சான்று. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த அப்பெருமகனார் இளமையில் கல்வி பயின்றது இதே கோயம்புத்தூரில்தான். 1939ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அக்காலத்தை அவர் பதிவு செய்துள்ளார். அங்கே பயின்ற ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவர் என்று அஞ்சி, அவர் பிற மாணவரோடு கலவாமல் வெளியே எங்கேனும் இருந்து படித்து, மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைவாராம். பள்ளி விட்டதும் எவரும் உடன் வந்துவிடாதபடி விரைந்து வீடு சேர்வாராம். கற்கும் உரிமை கிடைத்தும் விளையாடும் உரிமை கிடைக்காத அந்தச் சிறுவன்தான் பின்னாளில் 1891இல் பறையர் மகாசன சபையை நிறுவினான்; 1893இல் இதழ் நடத்தினான். பள்ளியில் சேர்ப்பது மட்டும் போதாது. சேர்ந்த பிள்ளை தலைநிமிர்ந்து உட்கார வேண்டும் என்னும் பாடத்தை நாம் இதிலிருந்தே கற்கிறோம்.

மிஷன் பள்ளிகளின் வருகை

இலண்டன் மிஷன் சங்கத்தார் 1827இல் சேலத்திலும், 1830இல் கோயம்புத்தூரிலும் தம் பணியைத் தொடங்கினர். கோயம்புத்தூரில் பணி தொடங்கிய டபிள்யூ. பி. அடிஸ் பாதிரியார் பள்ளிகளையே முதன்மையாகக் கொண்டார். 1846 முதல் கோயம்புத்தூர் கத்தோலிக்க மிஷனுக்குத் தலைமை ஏற்ற பிரெசியாக் ஆயரின் காலத்திலும் அதற்குப் பின்னும் கத்தோலிக்கத் திருச்சபையாரும் பள்ளிகள் நடத்தினர். கரூர், தாராபுரம் பகுதிகளில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் பணியாற்றியது. 1876–78ஆம் ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சம் கொங்கு நாட்டையும் வாட்டியது. பஞ்சத்தில் ஆதரவிழந்த பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கைத்தொழிலும் ஒருங்கே தரும் நிலை மிஷன்களுக்கு ஏற்பட்டது. 1897இல் ஈரோட்டுக்கு வந்த ஆஸ்திரேலியப் பாதிரியார் ஏ. டபிள்யூ. பிரப் அவர்களின் பெயர் அந்நகரின் பிரப் சாலையிலும், 1933இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயத்திலும் இன்றும் வழங்குகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தொடக்கத்தில் நகரத்து மிஷன் பள்ளிகளில் பயின்றோர் பெரும்பாலும் மேல்சாதியினரே. அரசு வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. அதனைக் கற்பிக்கும் இடமாக அவர்கள் அப்பள்ளிகளைக் கண்டனர். நம் மக்களுக்கான பள்ளிகள் வளவுகளில் தோன்றியது, நம் மக்களே கூட்டங்கூட்டமாகச் சென்று பள்ளியும் வாத்தியாரும் வேண்டும் என்று கேட்ட பின்னரே. எனவே அப்பள்ளிகள் வெறும் கொடை மட்டுமல்ல; நம் முன்னோரின் கோரிக்கையின் பயனுமாகும்.

அரசும் மெல்ல அசைந்தது. செங்கற்பட்டு மாவட்டப் பறையர் நிலையைப் பற்றிக் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய குறிப்பும், மிஷனரிமாரின் விண்ணப்பங்களும் சென்னை அரசாங்கத்தின் முன் வந்தன. 1893இல் பிறந்த கல்வி ஆணை பஞ்சமர் பள்ளிகளுக்குச் சிறப்பு உதவிகளை வகுத்தது. அடுத்த ஆண்டிலேயே, 1894இல், கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் எம். சி. ராஜா, எல். சி. குருசாமி போன்ற நம் தலைவர்கள் சட்டசபையில் கல்விக்காகக் குரல் கொடுத்தனர். பஞ்சமர் முதலிய இழிபெயர்கள் நீங்கி ஆதிதிராவிடர் என்னும் பெயர் 1922இல் அரசு ஆவணங்களில் ஏறியது.

அப்பள்ளிகளின் அன்றாட வாழ்வு

வளவுப் பள்ளி என்பது பெரும்பாலும் மண்சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட ஒரே அறை. வார நாட்களில் அது பள்ளி, ஞாயிற்றுக்கிழமையில் ஆலயம். வாத்தியாரே உபதேசியாராகவும் இருந்தார். ஒரே ஆசிரியர் நான்கைந்து வகுப்புகளை ஒரு கூரையின் கீழ் நடத்தினார். சிறியோர் மணலில் விரல் வைத்து எழுத, பெரியோர் சிலேட்டுப் பலகையில் கணக்குப் போட்டனர். காலையில் மணி அடித்ததும் வரிசை; பின்னர் ஜெபமும் பாட்டும்; அதன்பின் நகம், தலை, துணி ஆகியவற்றின் தூய்மையைப் பார்த்தல்; பிறகே பாடம். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் உண்டு.

நிலக்கடலை பிடுங்கும் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் பள்ளி பாதியாகிவிடும். பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைக்காக வாத்தியார் இரவில் விளக்கேற்றிப் பாடம் நடத்துவார். வாத்தியாரின் வேலை பள்ளியோடு முடிந்ததில்லை. கடிதம் படித்துக் காட்டியவர் அவரே. மனு எழுதிக் கொடுத்தவர் அவரே. கடன் பத்திரத்தைப் படித்து, இத்தனை ரூபாய்தான் எழுதியிருக்கிறது என்று சொன்னவரும் அவரே. வளவில் பள்ளி வந்தபோது பண்ணயக்காரர் பலருக்கு அது பிடிக்காமற் போனதன் காரணம் இப்போது விளங்கும்.

இப்பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கொடுத்த பண்புகள் எவை? முதலாவது, பெயர். ஊரில் சாதியைச் சொல்லியும் அடா என்றும் விளிக்கப்பட்ட பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் முழுமையாக எழுதப்பட்டது. நாள்தோறும் வாய்விட்டு வாசிக்கப்பட்டது. இரண்டாவது, ஒரே பாயில் இருத்தல். மூன்றாவது, நேரம் தவறாமை. நான்காவது, பெண்ணுக்கும் எழுத்து உண்டு என்னும் எண்ணம். வளவிலிருந்து கற்று ஆசிரியைப் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஒரு பெண், நூறு சொற்பொழிவுகள் செய்ய முடியாததைச் செய்தாள். ஐந்தாவது, கூட்டமாகப் பாடுதல். தலைகுனிந்து பேசப் பழகியவர்களின் பிள்ளைகள் உரத்த குரலில் பாடியதைச் சிறிய செய்தி என்று கருதற்க.

குறைகளும் உண்டு

நன்றியுணர்ச்சி நம் கண்களை மறைக்கலாகாது. சாதி வேறுபாட்டைத் திருச்சபைக்குள் ஒழிக்க வேண்டுமென்று 1850இல் சென்னை மிஷனரி மாநாடு தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதற்கு உடன்படவில்லை. உடன்பட்ட சபைகளிலும் தீர்மானம் ஏட்டில் நின்றதே தவிர, இருக்கையிலும் கல்லறையிலும் பல இடங்களில் பாகுபாடு தொடர்ந்தது. வளவுக்குள் அமைந்ததால் பள்ளி நம் பிள்ளைகளுக்கு எட்டியது. ஆனால் அதனாலேயே பிற சாதிப் பிள்ளைகள் அங்கு வரவில்லை. தனிப்பள்ளி ஒரே நேரத்தில் அடைக்கலமாகவும் வேலியாகவும் இருந்தது.

படிப்பு நீடிக்காமை மற்றொரு குறை. இஃது நம் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. 1929ஆம் ஆண்டின் ஹார்ட்டாக் குழு, 1922–23இல் முதல் வகுப்பிலிருந்த ஒவ்வொரு நூறு பிள்ளைகளுள் 18 பேரே 1925–26இல் நான்காம் வகுப்பை எட்டினர் என்று கண்டது. நாடு முழுவதற்கும் நிலை இதுவாயின், ஆடு மேய்க்கப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? மேலும், அப்பள்ளிகள் பணிவைக் கற்பித்த அளவுக்கு உரிமையைக் கற்பிக்கவில்லை என்பதும் உண்மை. உரிமையை நம் மக்கள் பின்னர் அம்பேத்கரிடமும் பெரியாரிடமும் தம் சொந்தப் போராட்டங்களிலும் கற்றனர். எனினும் அவர்களின் நூல்களைப் படிக்கும் கண்ணைப் பலருக்குக் கொடுத்தது வளவுப் பள்ளியே.

விடுதலைக்குப் பின்

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950இல் ஏ. ஜே. அப்பாசாமி அவர்கள் கோயம்புத்தூர்ப் பேராயரானார். அதே 1950இல் பிறந்த அட்டவணைச் சாதியினர் ஆணை, இந்து அல்லாதாரைப் பட்டியலிலிருந்து விலக்கிற்று. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராகிய நம் உறவினர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுகின்றனர். ஒரே வளவில், ஒரே கிணற்றடியில் இழிவுபட்ட இரு வீட்டுப் பிள்ளைகளுக்கு இரு வேறு சான்றிதழ்கள்! ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் உண்டு என்பதைப் பல பெற்றோர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. அதனை அறிவிப்பது நம் உறுப்பினர்களின் கடமை.

1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த அரைநேரக் கல்வித் திட்டம், எஞ்சிய நேரத்தில் பிள்ளையைப் பெற்றோர் தொழிலுக்கே அனுப்பியது. தோல் தைப்பவர் மகன் மீண்டும் தோலுக்கே என்ற நிலையை எதிர்த்து நாடு கிளர்ந்தது. 1954இல் காமராசர் அதனைக் கைவிட்டார். 1956இல் அவர் கொண்டுவந்த மதிய உணவு ஆடு மேய்த்த பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தது. 2024 ஜூலை முதல் காலை உணவுத் திட்டம் ஊரக அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2009இல் அருந்ததியருக்கு வழங்கப்பட்ட 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு, 2024 ஆகஸ்டு 1இல் உச்ச நீதிமன்றத்தால் நிலைநிறுத்தப்பட்டது. கதவுகள் திறக்கப்படுகின்றன, ஆனால் அவற்றை அடையும் முதல் படி தொடக்கப் பள்ளியே.

நம் கடமை

அந்த முதல் படிதான் இன்று தேய்கிறது. ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளின் வேன் வளவுக்குள்ளும் வருகிறது. கடன் வாங்கியேனும் அதில் பிள்ளையை ஏற்றுகிறோம். பழைய தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருகின்றனர். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். பணியிடம் குறைந்தால் பள்ளி மூடப்படும். மூடப்பட்ட பள்ளி மீண்டும் திறக்கப்படுவது அரிது. கட்டணம் கட்ட இயலாத கடைசி வீட்டுப் பிள்ளை அப்போது எங்கே போகும்?

இளைஞர்களே! வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் சார்பில் உங்கள் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம். ஒன்று, உங்கள் வளவிலோ அருகிலோ உள்ள தொடக்கப் பள்ளி, அரசுப் பள்ளியாயினும் திருச்சபைப் பள்ளியாயினும், அதன் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுங்கள். அன்றைய வாத்தியார் இரவில் விளக்கேற்றிச் செய்த வேலைதான் அது. இரண்டு, ஐந்தாம் வகுப்போடு நிற்கும் பிள்ளையின் வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் பேசுங்கள். விடுதி, உதவித்தொகை விவரங்களைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது, பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைத் தேடுங்கள். கோயிற் கல்வெட்டுகளில் நம் பாட்டன் பெயர் இல்லை. நிலப் பத்திரங்களில் அது அரிது. கடன் பத்திரத்தில் இருப்பது கைநாட்டு மட்டுமே. நம் முன்னோரின் பெயரும், தந்தை பெயரும், ஊரும், பள்ளியில் சேர்ந்த நாளும் மையினால் எழுதப்பட்டிருப்பது அந்தப் பதிவேடுகளிலேதான். அவை பல பள்ளிகளில் அலமாரி மூலைகளில் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. தலைமையாசிரியரின் இசைவோடு அவற்றைப் படமெடுத்துச் சங்க நூலகத்தில் சேர்ப்பீர்களாக. அடுத்த விழா மலரில் நம் கல்வி வரலாற்றை எழுதுவோர் அவற்றிலிருந்து தொடங்கட்டும்.