மொழித் தேர்வு என்னும் வாயில்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் நாடும் மாணவர், தம் பாடத்தில் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருப்பினும், பெரும்பாலும் ஆங்கிலத் தேர்வு என்னும் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. அவ்வாயில் எழுந்த வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

பிறமொழியாளரின் ஆங்கிலப் புலமையை அளக்க, 1913-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு தேர்வை நடத்திற்று. எழுதியோர் 3 பேர், தேர்வு நேரம் 12 மணி, தேறியவர் ஒருவருமிலர். மொழிபெயர்ப்பு, இலக்கணம், இலக்கியம், ஒலியியல் யாவும் அதில் இடம்பெற்றன. ஆங்கிலம் கற்பிக்க விழைவோரை எண்ணி அமைத்த தேர்வு அது.

பல்கலைக்கழகம் புகும் மாணவரின் தேவையோ வேறு. விரிவுரை கேட்டு உணரவும் நூல் படித்து அறியவும் மொழி வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடுவோர்க்காக 1964-இல் 'டோஃபெல்' தேர்வு தொடங்கிற்று. எழுத்துத் திறனைக்கூட அது, தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் செய்தே அளந்தது. வாய் திறந்து பேசுவது 2005-இல்தான் அதன் பகுதியாயிற்று. 1989-இல் வந்த 'ஐ.இ.எல்.டி.எஸ்.' தேர்வோ கேட்டல், படித்தல், எழுதல், பேசல் நான்கையும் அளந்தது.

அளவுகோல் மாறி வந்துள்ளது. அளக்கப்படுவது மொழிப் பயிற்சியே, அறிவாற்றல் அன்று. மதிப்பெண் குறைந்த பிள்ளையை அறிவிலி எனக் கடிந்து, மேற்படிப்புக்கே முற்றுப்புள்ளி வைக்கும் பெற்றோரை நாம் காண்கிறோம். மூவரும் தோற்ற அந்தத் தேர்வை அவர்கள் நினைவிற் கொள்வார்களாக! இறுதி நேர மனப்பாடம் மொழியைத் தாராது. மகனும் மகளும் இளமை முதலே ஆங்கிலத்தில் படித்துப் பேசிப் பழக நம் இல்லங்களில் இடமளிப்போம்.