பழைய விமானமும் புதிய என்ஜினும்



நமது கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்றுப் பாசனம் செய்த உழவர் பலர் ஒரு காலத்தில் ஆயில் என்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரைப் பொருத்திக்கொண்டனர். புது மோட்டார் நின்றுபோனால் நீர் இறைப்பது நிற்கும், அவ்வளவே. விமானத்தின் கதை வேறு. பழைய சிறு விமானம் ஒன்றின் என்ஜினை மாற்ற அரசாங்கத்தின் அங்கீகாரம் எதற்கு என்பதை அதன் வரலாறே கூறும்.

1925 பிப்ரவரியில் இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் 'மாத்' என்னும் சிறு விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதன் 'ஸிர்ரஸ்' என்ஜின் 60 குதிரைச் சக்தி உடையது. முதல் உலகப் போரில் மிஞ்சிய எட்டு ஸிலிண்டர் என்ஜினில் பாதியைக் கொண்டு அமைக்கப்பெற்றது. மிச்சச் சரக்கு எத்தனை நாள் வரும்? அது தீரும் தறுவாயில் பிராங்க் ஹால்போர்டு 'ஜிப்ஸி' என்ஜினை வகுத்தார். சக்தி 100 ஆயிற்று. பின்னர் அதனைத் தலைகீழாகத் திருப்பி அமைத்தனர். விமானியின் பார்வைக்கு மறைப்புக் குறைந்தது. 1932 அக்டோபர் 15-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொணர்ந்த 'பஸ் மாத்' இத்தகைய என்ஜின் பூண்டதே. அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

அதே பஸ் மாத் இனத்தைச் சேர்ந்த விமானங்கள் பல 1930 முதல் சில ஆண்டுகளில் பறக்கும்போதே இறக்கை முறிந்து வீழ்ந்தன. கொந்தளிக்கும் காற்றில் விரைந்து செல்கையில் இறக்கையும் அதைத் தாங்கும் கம்பிகளும் எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பதை ஆராய வேண்டியதாயிற்று. மிகுந்த சக்தியுள்ள என்ஜின் மிகுந்த வேகத்தைத் தரும். வேகத்தைத் தாங்க வேண்டியதோ பழைய இறக்கை.

இன்னொன்றும் உண்டு. என்ஜின் கனமாயின், தராசில் ஒரு தட்டு தாழ்வதுபோல விமானத்தின் மூக்கு தாழும். எனவே எடை, எடைமையம், என்ஜினைத் தாங்கும் சட்டம், எரிபொருள் வரவு, குளிர்ச்சி, முன்விசிறி ஆகிய யாவும் கணக்கிட்டுக் காட்டப்பட வேண்டும். பின்பு பறந்து காட்டப்பட வேண்டும். விமானக் கையேட்டையும் திருத்தியாக வேண்டும்.

இந்தியாவில் இவ்வதிகாரம் 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்திலும் 1937-ஆம் ஆண்டு விதிகளிலும் வேரூன்றியது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதிநியமம் வந்துள்ளது. அங்கீகாரம் அளிப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். தாமதம் குறித்து முணுமுணுப்போர் உண்டு. பழைய என்ஜினுக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் தவிப்போரின் குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் சோதனையைச் சுருக்குவதற்கு நான் உடன்படேன்.

மேகமலையை எண்ணிப் பாருங்கள். சாதாரண என்ஜின், ஆயிரம் அடி ஏறுந்தோறும் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு சக்தியை இழக்கிறது. ஐயாயிரம் அடி உயரத்தில் அந்தப் பழைய 60 குதிரைச் சக்தி சுமார் 51 ஆகிவிடும். மலையைக் கடக்க விரும்பும் விமானி வலிய என்ஜினை நாடுவதில் வியப்பில்லை!

பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வி. எம். காட்டகே குழுவினர் வகுத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டு 5-இல் பறந்தபோது அதில் 145 குதிரைச் சக்தியுள்ள ஜிப்ஸி மேஜர் என்ஜின் இருந்தது. அடுத்த ஆண்டு 155 குதிரைச் சக்தியுள்ள ஸிர்ரஸ் மேஜர் என்ஜினுடன் இரண்டாவது மாதிரி விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தனர். வித்தியாசம் பத்தே குதிரைச் சக்தி. உற்பத்திக்கு ஏற்கப்பெற்றது இந்த இரண்டாவது என்ஜினே. அதைக் கொண்டு நம் விமானப்படை இளைஞர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பறக்கக் கற்றனர்.