வேனிற் கோலமும் கூந்தல் அணியும்

ஒரு நாட்டு மக்களின் நாகரிகத்தை அரசர் வரலாற்றில் மட்டும் தேடுதல் அமையாது; உடையிலும் கூந்தலிலும் அது பொதிந்து கிடக்கின்றது. ஜப்பானியர் வேனிற்காலத்தில் உடுக்கும் யுகாத்தா என்னும் பருத்தியாடை, முன்னர் நீராட்டுக்குரியதாயிருந்து, எடோக் காலத்தில் (1603–1868) பொது நீராடு மனைகள் பெருகியபோது பொதுமக்கள் உடையாயிற்று. அதனை உடுக்கும் மகளிர், பிடரியிற் காற்றுப் படுமாறு கூந்தலை உயர்த்தி முடித்து, கன்சாஷி என்னும் கொண்டையூசி அணிந்து, வட்ட விசிறியை இடைக்கச்சையிற் செருகுவர். பருவத்துக்கேற்ற கோலம் என்னும் இக்கருத்துத் தமிழர்க்கும் புதியதன்று.

பழந்தமிழ் மகளிர் கூந்தலை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாக முடித்தனர். அதனால் கூந்தலுக்கே ஐம்பால் என்னும் பெயர் உண்டாயிற்று. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கூதிர்க்கால நகரில், மகளிர் மாலை சூடாது சில மலரே பெய்கின்றனர். கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுகின்றனர். சந்தனக்கல் பயனின்றிக் கிடக்கின்றது. விசிறியிற் சிலந்தி நூல் பின்னுகின்றது. குளிரில் ஒதுக்கப்பட்டவை யாவை என நோக்கின், வேனிலில் விரும்பப்பட்டவை விளங்கும். நிறைந்த மாலையும், அரைத்த சந்தனமும், ஆலவட்டமுமே அவை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நறுநீராடி, கூந்தலுக்குப் புகையூட்டி, தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் என்னும் தலையணிகளைப் பூணுகின்றாள்.

அக்காப்பியத்திலேயே கண்ணகியின் கூந்தல் வேறொரு வரலாறு கூறும். கணவன் பிரிந்தபோது அது நெய்யணி மறந்தது. அவன் கொலையுண்டபின் விரிந்தது. பாண்டியன் அவையில் நீதி கேட்டு நின்றது அவ்விரிகூந்தற் கோலமே. முடித்தல் மங்கலம், விரித்தல் முறையீடு.

இவ்விரண்டையும் ஒருங்கே போற்றி வருவது மட்டக்களப்பு நாடு. வாவிக்கு மேற்கே, கதிரவன் படும் திசையில் உள்ளமையால் படுவான்கரை எனப்படும் நிலத்தில், தான்தோன்றீச்சரத்தாற் புகழ்பெற்ற கொக்கட்டிச்சோலை அமைந்துள்ளது. படுவான்கரையிலும் எதிரேயுள்ள எழுவான்கரையிலும் கண்ணகி கோயில்கள் பல உள. வெம்மை மிகும் வைகாசியில் அவற்றின் திருக்கதவு திறக்கப்படும். கண்ணகி வழக்குரை படிக்கப்படும். விரிந்த கூந்தலின் கதையைச் செவியாற் கேட்கும் அவ்வடியாரே, கல்யாணக்கால் நாட்டி, மணமகட்குரிய பட்டும் அணியும் சாத்தி அம்மையின் மணக்கோலத்தைக் கண்ணாற் காண்பர். ஈற்றில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, அம்மையின் சினத்தையும் வேனிலின் வெப்பத்தையும் ஒருங்கே தணிப்பதாகக் கருதப்படும்.

இராக்கொடி, சடைநாகம், குஞ்சலம், நெற்றிச்சுட்டி முதலியன இன்று மணமகளிடமும் ஆடல் மகளிரிடமுமே பெரும்பாலும் காணப்படுகின்றன. அணியும் வழக்கு அருகின், அணியின் பெயரும் அருகும். பெயர் மறையின், பழைய நூல்கள் கூறுவனவும் விளங்காதொழியும். ஆதலின், பாட்டிமாரின் பேழையில் உள்ளவற்றையும் அவர்தம் நினைவில் உள்ளவற்றையும் ஊர்தோறும் கேட்டெழுதி வைத்தல், கல்வெட்டைப் படியெடுத்தலினும் குறைந்த பணியன்று. கல்வெட்டு இன்னும் பல்லாண்டு காத்திருக்கும். பாட்டிமாரின் நினைவு காத்திராது.