அப்பா, ஆலிஸ், ஒரு வெளுத்த சிவப்பு

வாட்டர்கலர்னாலே நமக்கு மலை, மழை, படகுதான் ஞாபகத்துக்கு வரும். முகத்துக்கு அது சரிப்படாதுன்னு ஒரு பேச்சும் உண்டு. ஆனா 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முகம் வரையறதுக்குன்னே வாட்டர்கலரை வெச்சிருந்தாங்க. 'லிம்னிங்'னு பேரு. எங்கம்மாவை வாட்டர்கலரில் வரையணும்னு ஆசை வந்து, எங்கே ஆரம்பிக்கறதுன்னு தேடினப்ப சிக்கினதுதான் இந்தக் கதை.

இதுல பெரிய கை நிக்கலஸ் ஹில்லியார்ட். எக்ஸெட்டர் ஊர்ப் பொற்கொல்லர் மகன். லண்டனில் ராபர்ட் பிராண்டன் என்ற பொற்கொல்லரிடம் தொழில் பழகினார். 1572இல் முதலாம் எலிசபெத் ராணியையே வரைஞ்சார். 1576இல் பிராண்டன் மகள் ஆலிஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். குரு வீட்டு மாப்பிள்ளை :-)

ராணியை வரைஞ்ச அதே கையால 1577இல் தன்னையும் தன் அப்பா ரிச்சர்டையும் வரைஞ்சார். 1578இல் ஆலிஸை. மூணுமே உள்ளங்கைக்குள்ள அடங்கிடும் சின்னப் படங்கள். இப்போ லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கு. அப்பாவைச் சுத்தித் தங்க எழுத்தில் வயசு 58, எக்ஸெட்டரின் முன்னாள் ஷெரிஃப்னு எழுதியிருக்கார். பிள்ளைக்கு எவ்வளவு பெருமை பாருங்க.

செய்முறை இதுதான். மெலிசாப் பதப்படுத்தின கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டணும். முகம் வர்ற இடத்தில் அவங்கவங்க நிறத்துக்கு ஏத்த மாதிரி ஒரே சீரா ஒரு பூச்சு. அது மேல அணில் முடி பிரஷ் நுனியால் பொடிப்பொடிக் கோடுகளாக் கண், மூக்கு, உதடு. நிறத்தைப் பிடிச்சு வெக்கிறது வெறும் பிசின்தான். தண்ணி பட்டா அடிப்பூச்சும் சேர்ந்து கரையும். அதனாலதான் 1600 வாக்கில் எழுதின தன் கையேட்டில் பட்டு உடுத்துங்க, தலைப்பொடுகு விழாம பாத்துக்குங்க, படத்துக்கு மேல குனிஞ்சு பேசாதீங்க, எச்சில் தெறிக்கும்னு சொல்றார். சிப் ஃபேக்டரி கிளீன் ரூம் விதிகள் தோத்துடும்.

அதே கையேட்டில் இன்னொண்ணும் இருக்கு. சட்டுனு வந்து மறையற சிரிப்பையும் ஓரப் பார்வையையும் பிடிக்கறதுதான் முகம் வரையறவன் வேலையாம். யோசிச்சா, சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே இப்ப வரும்னு நமக்குத் தெரியறது யார் முகத்தில்? வீட்டு ஆளுங்க முகத்தில்தானே. முதல் முகத்துக்கு வீட்டில் ஒருத்தரை உட்கார வைக்க இதைவிடக் காரணம் வேணுமா?

ஆனா ஒரு சோகம். ஹில்லியார்ட் கன்னத்துக்கும் உதட்டுக்கும் போட்ட சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளுக்கும் ரகம். அவரோட பல படங்களில் தங்கமும், கட்டியான வெள்ளையில் போட்ட லேஸும் அப்படியே இருக்கு. முகம் மட்டும் ரத்தம் வடிஞ்ச மாதிரி. ராணிக்காலத்து ஆளுங்கன்னா வெளிறித்தான் இருப்பாங்கன்னு நாம நினைக்கறதில் இதுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கதை பழசாகலை. அசல் அலிசரின் கிரிம்சன் இன்னிக்கும் வெயிலுக்கு வெளுக்கும். வீட்டு ஆளை வரையறவங்க டியூபில் வெளிச்சம் தாங்கற தரத்தைப் படிச்சுட்டு வாங்குங்க. குவினாக்ரிடோன் வகைச் சிவப்பு நின்னு தாங்கும். மாட்டற இடத்தில் நேர் வெயில் வேண்டாம். சட்டை பார்டர் வெளுத்தா பரவாயில்லை, அம்மா உதடு வெளுக்கக் கூடாது.

கொசுறு: ராணியை வரைஞ்ச இந்த மனுஷன் 1617இல் கடனுக்காக லட்கேட் சிறையில் இருந்தார். 1619இல் காலமானார்.